கோடை வேலையும் குடிநீரும்

பங்குனி பிறந்தது முதல் வைகாசி முடியும் வரையில் குன்றத்தூர்ப் பகுதிக் குடியானவர்களுக்கு ஓய்வென்பது அரிது. நவரை நெல் அறுவடைக்கு வந்து நிற்கும். அது களத்தை விட்டு வீடு சேருமுன்பே சொர்ணவாரிக்கு நாற்றங்கால் தயாராக வேண்டும். எருவடித்தல், வரப்பு அண்டை வெட்டுதல், நாற்றுப் பறித்தல், நடவு ஆகிய வேலைகளெல்லாம் வெயில் உச்சத்திலிருக்கும் இந்த மூன்று மாதங்களிலேயே வந்து சேருகின்றன. இப்பொழுது இப்பகுதியில் பல குடும்பங்களில் தாய் நடவுக்குப் போகிறாள்; மகன் ஸ்ரீபெரும்புதூரிலோ, இருங்காட்டுக்கோட்டையிலோ, ஒரகடத்திலோ உள்ள தொழிற்சாலைக்குப் போகிறான். ஒருத்திக்குத் தலைமேல் சூரியன். மற்றவனுக்குத் தகரக் கூரையும் உலையும். இருவருடைய தேகத்துக்கும் நேரிடும் அபாயம் ஒன்றே. அதாவது, வியர்வையாக வெளியேறும் நீர் திரும்பி உள்ளே போகாமலிருப்பது.

குன்றத்தூருக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம் சாமானியமானதன்று. ஊரை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரி 364.5 கோடி கன அடி கொள்ளக்கூடியது. முன்னாளில் வயல்களுக்குப் பாய்ந்த அதன் நீர் இன்று பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தாரின் தாகத்தைத் தீர்க்கிறது. இவ்வூரிற் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் அப்பூதியடிகளின் சரித்திரத்தைக் கூறுமிடத்து, திங்களூரில் அவர் திருநாவுக்கரசர் பெயரால் அமைத்த தண்ணீர்ப் பந்தலைச் சிறப்பித்திருக்கிறார். வழிப்போக்கனுக்குத் தண்ணீர் வைப்பது பெரும் புண்ணியமென்று இந்நாட்டார் நெடுங்காலமாகக் கொண்டாடி வந்திருக்கின்றனர். அதே ஊரில், தன் வயலில் காலை முதல் மாலை வரை குனிந்து நிற்கும் ஆளுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது, எத்தனை முறை அவர் அதனிடம் போக முடிகிறது என்பதை விசாரிப்பவர்கள் சிலரே. வாய்க்கால் ஓரத்து மரத்தடியில் ஒரு குடம் வைத்துவிட்டால் கடமை தீர்ந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர்.

உடலுழைப்பில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்ற நான்கு பங்கும் உஷ்ணமாகத் தேகத்திலேயே தங்குகிறது. கடுமையாக மண் வெட்டுகிறவரின் உடலில் மணிக்கு 300, 400 கிலோ கலோரி உஷ்ணம் உண்டாகலாம். இதை வெளியேற்றத் தேகத்துக்குள்ள முக்கிய உபாயம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோய்விடும். ஆவியாகும்போது என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் சொட்டிய வியர்வையால் நஷ்டமேயன்றி லாபமில்லை. கடலை அடுத்த செங்கற்பட்டு, காஞ்சிபுரம் சீமைகளில் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் இங்கே வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உள்நாட்டு வறண்ட ஊரில் 40 டிகிரியைத் தாங்குகிறவர், இங்கே 36 டிகிரியில் தளர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே. சென்னையில் 2003-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதி 45 டிகிரி உஷ்ணம் பதிவாயிற்று. ஆனால் உஷ்ணமானியின் எண்ணை மாத்திரம் பார்த்து அபாயத்தை அளவிடுவது தவறு. ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி, வெயிலில் வைத்த கரிய கோள உஷ்ணமானி, சாதாரண உஷ்ணமானி ஆகிய மூன்றையும் முறையே நூற்றுக்கு 70, 20, 10 பங்கு வீதம் சேர்த்துக் கணக்கிடும் முறையையே தொழிற் சுகாதார நிபுணர்கள் திறந்தவெளி வேலைக்குக் கைக்கொள்ளுகின்றனர்.

இவ்வாறு உழைக்கும் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர், சில வேளைகளில் அதற்கு மேலும் வியர்க்கிறார். தாகம் எடுத்தபோது குடித்தால் போதாதா என்று கேட்கலாம். வீட்டில் இருப்பவருக்குப் போதும். வெயிலில் உழைப்பவருக்குப் போதாது. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது அமெரிக்கப் பாலைவனங்களில் சிப்பாய்களைப் பரிசோதித்த அடால்ப் என்னும் உடலியல் அறிஞர் 1947-இல் தம் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் தாராளமாக இருந்தபோதிலும், வேலை நேரத்தில் மனிதர் தாம் இழந்த நீர் முழுவதையும் தாமாகவே குடிப்பதில்லை என்றும், சாப்பாட்டு வேளையில்தான் அந்தக் குறை நிரம்புகிறதென்றும் அவர் கண்டார். தாகம் பொய் சொல்வதில்லை. ஆனால் தாமதமாக வருகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒன்றேகால் லிட்டர் நீரை இழப்பதற்குள்ளாகவே வேலைத்திறன் குறைந்து, தலை கனத்து, கவனம் தவறத் தொடங்குகிறது. அரிவாளோ அச்சு இயந்திரமோ கையிலிருக்கும்போது கவனம் தவறுவது எவ்வளவு கேடு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகையால் வேளை வைத்துக் குடிப்பதே உசிதம். கால் மணிக்கு அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர், அதாவது சுமார் 240 மில்லி லிட்டர் என்பது அமெரிக்கத் தொழிற் சுகாதார நிலையத்தாரின் அளவு. மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாதென்பதும் அவர்களுடைய எச்சரிக்கையே. தம் அளவை அறிய விரும்புவோர் காலையில் வேலைக்குப் போகுமுன்னும், திரும்பியபின் உடை மாற்றிக்கொண்டும் எடை பார்த்துக்கொள்ளலாம். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் நீர் தேகத்தை விட்டுப் போயிருக்கிறதென்று பொருள். நெல் எடைபோடும் தராசுள்ள களத்தில் இது கஷ்டமான காரியமன்று. தராசில்லாதவர்கள் சிறுநீரின் நிறத்தைக் கவனித்தால் போதும். வைக்கோல் நிறமாயிருந்தால் நலம். தேநீர் நிறமாகக் கறுத்திருந்தால் அபாயம்.

உப்பின் அவசியம்

வியர்வையில் நீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. இது முதலில் நன்றாய் விளங்கியது நிலக்கரிச் சுரங்கங்களில். ஆங்கில நாட்டின் ஆழ்ந்த சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்குக் கை கால் வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொண்டு தாளமுடியாத வலி உண்டாகி வந்தது. அவர்கள் தண்ணீர் குடிக்காதவர்கள் அல்லர், ஏராளமாகக் குடித்தவர்கள். மிகுதியாக வியர்த்து, உப்பில்லாத நீரையே மேலும் மேலும் குடித்ததனால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனதே காரணம் என்று மாஸ் என்பவர் 1923-இல் விளக்கினார். சிறிது உப்புக் கலந்த நீரைக் கொடுத்ததும் நோய் விலகிற்று. 1931-இல் அமெரிக்காவில் கொலராடோ நதியின் குறுக்கே பெரிய அணை கட்டத் தொடங்கியபோது கோடை வெயிலில் தொழிலாளர் பலர் மாண்டனர். அங்கே சென்று ஆராய்ந்த வைத்தியர்களும் தசைமுறுக்கு நோய்க்கு இதே காரணத்தையே கண்டனர். பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் உப்பு மாத்திரை கொடுக்கும் வழக்கம் வந்தது. அது வயிற்றைப் புரட்டியதாலும், தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தீங்கு செய்ததாலும் இப்பொழுது பெரும்பாலும் கைவிடப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் குடியானவருக்கு மாத்திரை தேவையில்லை. விடியற்காலையில் உப்பிட்டுக் குடிக்கும் நீராகாரம், பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, நடுப்பகலில் நீர்மோர் என்ற பழைய ஒழுங்கு நீரையும் உப்பையும் சிறிது மாவுப் பொருளையும் ஒருங்கே தந்துவந்தது. ஒரு பங்கு மோருக்கு மூன்று நான்கு பங்கு நீர் விட்டு, லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் வயல் வேலைக்கு அது மிகச் சிலாக்கியமான பானம். இதைத் தள்ளிவிட்டுக் கடையில் விற்கும் வர்ணச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிப்பவர்கள் சர்க்கரையை மிகுதியாகவும் உப்பை மிகக் குறைவாகவும் பெறுகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் என்னும் சத்து ஏராளம். ஆனால் வியர்வையில் பிரதானமாக இழக்கும் சோடியம் அதில் கொஞ்சமே. ஆதலால் இளநீரோடு உப்பிட்ட ஆகாரமும் வேண்டும். பதநீர், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு ஆகியவை நல்லவையே. தேநீரும் காப்பியும் அளவோடு குடித்தால் பாதகமில்லை. மதுபானமோ, முந்தின இரவு குடித்தாலும் மறுநாள் வெயிலில் ஆளைக் கவிழ்க்கும்.

வாந்தியோ பேதியோ சேர்ந்துகொண்டாலும், மயக்கம் வருமளவுக்கு வியர்த்தாலும், உப்புச் சர்க்கரைக் கரைசலே கைகண்ட மருந்து. குடலில் சர்க்கரையோடு சேர்ந்து உப்பும், அதைத் தொடர்ந்து நீரும் விரைவாக உள்ளே இழுக்கப்படுகின்றன என்ற உண்மையை 1960-இல் ராபர்ட் கிரேன் வெளியிட்டார். 1971-இல் வங்காள யுத்த காலத்தில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டு திரளான உயிர்களைக் காத்தார். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைக்க வேண்டும். அது கிடைக்காதபோது, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் சர்க்கரை ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும், இரண்டையும் தலை தட்டி அளந்து சேர்க்கலாம். உப்பை மிகுத்தால் கெடுதல். இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்கு நேரும் கேடு

ஒரு நாள் மயக்கம் மறுநாள் தெளிந்துவிடும். நாள்தோறும் நீர் வற்றி வற்றி உழைப்பதால் உள்ளே நேரிடும் கேடு வெளியில் தெரிவதில்லை. குன்றத்தூருக்கு அருகே போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017 முதல் 2020 வரையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பு எல்லையைக் கடந்த உஷ்ணத்தில் உழைத்து வந்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பின்னர் தமிழ்நாட்டில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளரிடம் நடத்தப்பெற்ற வேறொரு பரிசோதனையில், சர்க்கரை வியாதியோ இரத்த அழுத்தமோ இன்றியே நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளானவர்கள் நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேல் காணப்பட்டனர். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் ஜில்லா உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இத்தகைய நோய் பல்லாயிரம் உழைப்பாளிகளைப் பீடித்திருக்கிறது. இதற்கு உஷ்ணமும் நீரின்மையும் மாத்திரமே காரணம் என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிடவில்லை. குடிநீரிலுள்ள உப்புக்களும் விஷ மருந்துகளும் ஆராயப்படுகின்றன. ஆனால் நீர் வற்றிய தேகத்தில் கடும் உழைப்பு சிறுநீரகத்தைத் தாக்குகிறதென்பதில் ஐயமில்லை. உடல்வலிக்காகத் தாமே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வெயிலில் இறங்குவது அந்தத் தாக்குதலை இரட்டிப்பாக்கும். இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டியது.

கர்ப்பவதிகளைப் பற்றித் தனியே குறிப்பிட வேண்டும். மேற்படி போரூர் நிலையத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மிகுந்த உஷ்ணத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு முதலான கேடுகள் நேரும் அபாயம் மற்றவர்களைப்போல் சுமார் இரு மடங்கு. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருக்கும் நாட்டில் இதை அற்ப விஷயமென்று தள்ளிவிட முடியாது.

தண்ணீர் இருந்தும் குடியாமை

இத்தனையும் அறிந்த பெண்மணி ஒருத்தி காலையில் வீட்டிலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வேலைக்கு வருவதுண்டு. அவளுடைய அறியாமை அதற்குக் காரணமன்று. வயற்காட்டில் ஒதுங்க மறைவிடமில்லாமையே காரணம். தொழிற்சாலையிலும், எழுந்து போக அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அல்லது கழிப்பிடம் தூரத்திலிருந்தால், ஆணும் பெண்ணும் இதே தந்திரத்தைக் கைக்கொள்ளுகின்றனர். நீர்த்தாரையில் எரிச்சலும் தொற்றும் இதன் உடனடிப் பலன். குடிநீரைப் பற்றிப் பேசுவோர் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசக் கூசுவதால் பாதி விஷயம் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. நடவு நடக்கும் நாட்களில் வரப்போரத்தில் நான்கு கழி நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி மறைத்து, உள்ளே ஒரு குழியும் மண்ணும் ஒரு வாளித் தண்ணீரும் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கூலி பேசும் முறையும் இதில் சேர்ந்தது. ஏக்கருக்கு இவ்வளவென்று மொத்தமாகப் பேசிக்கொண்ட நடவாட்கள், குடத்தடிக்குப் போய்வரும் நேரத்தையெல்லாம் கூலியில் நஷ்டமாகவே கருதுகின்றனர். குடம் நூறு கஜத்துக்கு அப்பால் இருக்குமானால் அவர்கள் அதை நாடுவது பகலில் இரண்டு முறையே. ஒரு பையனையோ, நடவில் இறங்க இயலாத முதியவரையோ கூலிக்கு வைத்து, வரிசை வரிசையாகச் சொம்பில் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தால் குடிக்கும் அளவு உடனே உயரும். பூச்சி மருந்து காலியான டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு உபயோகிக்கலாகாது. மருந்து தெளிப்போர் சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குடிக்க வேண்டும். கவச உடை உஷ்ணத்தை மிகைப்படுத்துவதால் அவ்வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

தொழிற்சாலைகளுக்குச் சட்டம் உண்டு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18-வது பிரிவு, வசதியான இடங்களில் சுத்தமான குடிநீர் வைக்க வேண்டுமென்றும், தொழிலாளருக்குப் புரியும் பாஷையில் அங்கே எழுதியிருக்க வேண்டுமென்றும், 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் கோடையில் நீரைக் குளிர்விக்க வேண்டுமென்றும் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் வந்துள்ள தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடிநீர் கட்டாயமே. கேரள சர்க்கார் கோடைதோறும் நடுப்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதைத் தடுத்து உத்தரவிட்டு வருகின்றனர். தமிழர் பலர் பிழைக்கும் சிங்கப்பூரில் 2023 அக்டோபர் முதல், மேலே சொன்ன கூட்டு உஷ்ண அளவு 32 டிகிரியை எட்டினால் கடும் உழைப்பாளிக்கு மணிக்கொரு முறை குறைந்தது பத்து நிமிஷம் நிழலில் ஓய்வு தரவேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஏற்படுத்தினர். இறந்தபின் கிடைக்கும் பணத்தைவிட இறவாமல் காக்கும் ஏற்பாடு மலிவானது. நெல் வயலில் நிற்கும் கூலியாளுக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தியதில்லை. அங்கே நிலக்காரரின் மனமே சட்டம்.

ஓய்வு கொடுத்தால் வேலை குன்றுமே என்று அஞ்சும் நிலக்காரர்கள் எல் சல்வடார் தேசத்துக் கரும்பாலை ஒன்றின் அனுபவத்தைக் கவனிக்கலாம். அங்கே 2014-15 பருவத்தில் வெட்டாட்களுக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, பெயர்த்து வைக்கும் பந்தல் நிழல், வேளை தவறாத ஓய்வு ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5.1 டன்னாக இருந்த வெட்டு 7.3 டன் வரை உயர்ந்தது. வெட்டுக்கத்தியையும் அப்போது திருத்தியமைத்தபடியால் உயர்வு முழுவதையும் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் ஓய்வால் வெட்டுக் குறையவில்லை என்பது தெளிவு.

கோடையின் முதல் வாரத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். தேகம் உஷ்ணத்துக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். பழகிய தேகம் விரைவில் வியர்க்கும். வியர்வையில் உப்பையும் சிக்கனப்படுத்தும். புதிதாக வந்த ஆளுக்கும், வடநாட்டிலிருந்து வந்து இறங்கிய தொழிலாளிக்கும், காய்ச்சலில் படுத்தெழுந்தவருக்கும் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலையே கொடுத்துத் தினந்தோறும் ஒவ்வொரு பங்காக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முடிந்த மட்டும் நடவை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் கரையேறிவிடுவதும், மீதியை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்வதும் நலம்.

இவ்வளவு செய்தும் ஒருவர் தள்ளாடினால், தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை இவற்றோடு அறிவு தெளிவாயிருக்குமானால், நிழலில் படுக்கவைத்து உடையைத் தளர்த்தி நீர்மோரோ கரைசலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறி, சம்பந்தமின்றிப் பேசி, தேகம் நெருப்பாய்க் கொதித்து, வலிப்போ நினைவிழப்போ கண்டால் அது உயிரைப் பறிக்கும் வெயில் தாக்கு. வியர்வை நின்றிருக்க வேண்டுமென்பதில்லை. உழைப்பின் நடுவே விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டேயிருக்கலாம். உடனே 108-க்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டி வருவதை எதிர்பாராமல், பம்புசெட்டுத் தொட்டியிலோ வாய்க்காலிலோ தலை மட்டும் வெளியேயிருக்கப் பிடித்து நனைக்கலாம். அல்லது குடம் குடமாய் நீரை உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.